எனக்கு வராத நெருப்புக்காய்ச்சல்

1

இந்த நாட்டில் ஒருவரும் 'இல்லை' என்று சொல்லமாட்டார்கள். வேலைக்கு விண்ணப்பித்தால் உங்கள் விண்ணப்பக் கோவையைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்பார்கள். வாடகைக்கு வீடு கேட்டால் யோசித்துச் சொல்கிறோம் என்பார்கள். ரொறன்ரோவுக்கு வந்து இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது, இந்தச் சிரித்த முகத்துக் கைவிரிப்பு மட்டும் எனக்கு இன்னும் பழகவில்லை. ஏலாது என்று முகத்துக்கு நேரே சொன்னால் இரண்டு நாள் அழுதுவிட்டு எழும்பி அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

போன மார்கழியில் என் மகள் ஆரணிக்கு ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்த பதிலும் இந்த இனம்தான். முந்தி விண்ணப்பித்தால் முந்திப் பதில் சொல்வோம் என்றார்கள். பிள்ளை கோடை விடுமுறை முழுக்க மேசையில் கிடந்து எழுதி, சொன்ன தவணைக்கு முன்னமே எல்லாம் அனுப்பினாள். பதில் என்ன? உன்னை எடுக்கவும் இல்லை, விடவும் இல்லை, பங்குனியில் மற்றவர்களோடு சேர்த்து இன்னொருதரம் பார்க்கிறோம். இதற்கு 'டிஃபேர்ட்' என்று ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். வழக்கை ஒத்திவைப்பார்கள், தேர்தலை ஒத்திவைப்பார்கள். பதினேழு வயதுப் பிள்ளையையும் ஒத்திவைக்கலாம் போலிருக்கிறது.

எனக்குக் கொதி வந்து, அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டுதரம் தொலைபேசி எடுத்தேன். இரண்டுதரமும் ஓர் இனிமையான குரல், பெற்றோரோடு கதைக்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை, நல்லநாள் வாழ்த்துகள் என்று சொல்லி வைத்துவிட்டது. பிறகு பள்ளிக்கூடத்து வழிகாட்டி ஆசிரியை எங்கள் இருவரையும் கூப்பிட்டார். நல்ல பெண், என் தம்பி வயதுகூட இருக்காது. இனி நான் அங்கே தொலைபேசி எடுக்கக்கூடாது என்பதை மிகவும் பண்பாகச் சொன்னார். ஆரணி ஒரேயொரு கடிதம் எழுதலாம், இன்னும் அங்கே படிக்க விரும்புகிறாள் என்று, முன்பு சொல்லாத புதிதாக ஏதாவது சேர்த்து.

"குடும்பத்தில் ஏதாவது இருக்கிறதா? உன்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்த ஏதாவது?" என்று கேட்டார்.

ஆரணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு நல்ல சுத்தமான ஆங்கிலத்தில் சொன்னாள். "என் அம்மாவும் ஓர் அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தவர். அவருக்கும் என்னைப்போல ஒத்திவைத்தார்கள். ஆனால் அவருக்கு அப்போது கடுமையான டைஃபொய்ட். அதனால் போக முடியவில்லை. அவருக்காகவும் நான் போகவேண்டும்."

ஆசிரியையின் கண் கலங்கிவிட்டது. இதை எழுது, இதைத்தான் எழுதவேண்டும் என்றார். நான் கைப்பையைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருந்தேன். டைஃபொய்ட் என்பது நாங்கள் நெருப்புக்காய்ச்சல் என்று சொல்வது. அது எனக்கு என் வாழ்நாளில் ஒருநாளும் வந்ததில்லை.

2

அந்தக் காலத்தில் பிறக்காதவர்களும் இதை வாசிக்கக்கூடும். அதனால் அந்த நெருப்புக்காய்ச்சல் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

தொண்ணூற்றைந்தில் சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணம் முழுக்க மூட்டை முடிச்சோடு மழைக்குள் நடந்த அந்த இடப்பெயர்வின்போது நான் உயர்தர வகுப்பில் சேர்ந்த புதிது. இரண்டு தவணை எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்போது இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருந்த கிளிநொச்சிப் பக்கம் மரத்தடியில் கொஞ்சநாள் ஒரு வாத்தியார் கணக்குச் சொல்லித் தந்தார், அதற்குப் பதிவேடு கிடையாது. பிறகு ஒருமாதிரி வவுனியாவுக்கு வந்து சேர்ந்தோம். அங்கேயிருந்து கொழும்புக்குப் போவதென்றால் இராணுவத்தின் பாஸ் வேண்டும். படிக்கப் போகிறேன் என்றால் பாஸ் இல்லை. பயமாக இருக்கிறது, போகிறேன் என்றால் சிரிப்பார்கள். வருத்தக்காரர், அதாவது நோயாளி என்றால் தருவார்கள், அவருக்கும் கூடப்போக ஒருவருக்கும்.

அப்பா கச்சேரியில், அரசாங்க அதிபரின் அலுவலகத்தில், இலிகிதராக இருந்தவர். எந்தப் படிவத்துக்கு எந்தப் பதில் எழுதினால் காரியம் நடக்கும் என்பது அவருக்குத் தெரியும். பழக்கமான ஓர் ஆஸ்பத்திரி அப்போதிக்கரியைப் பிடித்து ஒரு கடிதம் எடுத்தார். இந்தப் பிள்ளைக்குக் கடுமையான நெருப்புக்காய்ச்சல் வந்து ஈரல் தாக்கப்பட்டிருக்கிறது, கொழும்பில் தொடர்ந்து வைத்தியம் தேவை. அம்மாவையும் தம்பியையும் வவுனியாவில் சித்தி வீட்டில் விட்டுவிட்டு, நோயாளியாக நானும் கூடப்போகிறவராக அப்பாவும் கொழும்புக்கு வந்தோம்.

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஓர் ஒழுங்கையில், ஒரு வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை. வந்த அன்றே பொலிசில் பதிய வேண்டும். பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த இடம், கொழும்புக்கு வந்த காரணம். அப்பா 'மகளின் வைத்தியம்' என்று எழுதினார். அங்கே எழுதியதற்குப் பிறகு அது எங்களை விடவில்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது, இன்னும் வைத்தியம் நடக்கிறது என்று ஒரு டொக்டரின் கடிதம் கொண்டுபோக வேண்டும். காலி வீதியில் டிஸ்பென்சரி வைத்திருந்த ஒரு தமிழ் டொக்டர் அதைத் தந்துகொண்டிருந்தார். பாவம், நல்ல மனிதர். நான் பம்பலப்பிட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் சேர்ந்து வலைப்பந்து விளையாடிக்கொண்டிருந்தேன்.

"ஆராவது கேட்டா இருமக் கிருமக்கூடாது. ஈரல் வருத்தத்துக்கு இருமல் வராது" என்று அப்பா எனக்குச் சொல்லித் தந்தார்.

அந்த நாளில் கொழும்பில் இருந்த எங்களவர்கள் வெளியே இறங்கும்போது கடதாசிகளையெல்லாம் காவிக்கொண்டு திரிவோம். அடையாள அட்டை மட்டும் போதாது. பொலிஸ் பதிவு, பிறப்பு அத்தாட்சி, வீட்டுக்காரரின் கடிதம், கிராம சேவகரின் கடிதம், டொக்டரின் கடிதம். எந்தச் சந்தியில் எதைக் கேட்பார்கள் என்று ஒருவருக்கும் தெரியாது. அப்பா எல்லாவற்றையும் ஒரு பச்சை ஃபைலில் போட்டு, பொலித்தீன் பையால் சுற்றி, பாண் வாங்கப் போனாலும் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார். மூலப்பத்திரம் கையை விட்டுப் போகக்கூடாது என்பது அவருடைய கொள்கை.

3

அமெரிக்கா என்ற யோசனை பெர்னி அக்காவுடையது. கொட்டாஞ்சேனைக்காரி, கத்தோலிக்கர், கோட்டையில் ஒரு கப்பல் முகவர் கந்தோரில் வேலை செய்தவர். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த பிள்ளையின் தமக்கை. என்னுடைய கணக்குக் கொப்பியை ஒருநாள் பார்த்துவிட்டு, "இஞ்ச கிடந்து என்னத்துக்கு காயிறாய்? அங்க கெட்டிக்காரப் பிள்ளையளுக்குக் காசில்லாமப் படிப்பிக்கிறாங்கள்" என்றார். கந்தோர் கம்ப்யூட்டரில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு என் விண்ணப்பத்தைத் தட்டினார், கந்தோர் ஃபக்ஸில் அனுப்பினார். முந்திப் போடுகிறவர்களோடு சேர்த்துப் போட்டோம், எனக்கு வேறு வழியே தெரியவில்லை. உயர்தரப் பரீட்சையும் எழுதியாயிற்று. அந்தப் பல்கலைக்கழகம் எடுத்தால் கொழும்பையும் பதிவையும் சோதனைச் சாவடிகளையும் விட்டுப் போய்விடலாம். எடுக்காவிட்டால் பொலிஸ் என்றைக்கு 'வைத்தியம் முடிந்தது, திரும்பிப் போ' என்று சொல்லுமோ என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடுங்கிக்கொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

மார்கழியில் பதில் வந்தது. ஒத்திவைத்திருக்கிறோம். உங்கள் புள்ளிகள் எங்களுக்குப் பிடித்திருக்கின்றன. ஆனால் உயர்தர வகுப்பில் இரண்டு தவணைக்குப் புள்ளிகள் ஒன்றுமே இல்லை, அதற்குக் காரணத்தைத் தயவுசெய்து விளக்கவும்.

பெர்னி அக்கா கடிதத்தோடு எங்கள் அறைக்கே வந்தார். அவருக்குச் சந்தோசம். "இது நல்லதுக்குத்தான் அங்கிள். கேட்டிருக்கிறாங்கள்தானே. உள்ளதை எழுதுவம். சண்டை நடந்தது, இடம்பெயர்ந்தது, பள்ளிக்கூடம் இல்லை. அவங்களுக்கு விளங்கும்."

அப்பா கதவைச் சாத்தினார். "பிள்ளை, நீர் கொட்டாஞ்சேனையில பிறந்து வளர்ந்தனீர். நாங்கள் அங்கால இருந்து வந்தனாங்கள். அங்க எங்க இருந்தனாங்கள், எத்தினை மாதம் இருந்தனாங்கள் எண்டு என்ரை பிள்ளையின்ரை பேரைப் போட்டுக் கடதாசியில எழுதேலாது. தபால் உடையாம வருது எண்டு நினைக்கிறீரோ? அது ஆற்றையும் கையில அம்பிட்டா, அந்தக் காலத்தில அங்க என்ன செய்தனி எண்டு இவளைத்தான் கேப்பாங்கள்."

"அப்ப என்னத்தை எழுதுறது அங்கிள்?"

அப்பா ஃபைலைத் திறந்தார். பதில் அங்கே ஆயத்தமாக இருந்தது. பொலிசில் ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று என்று இரண்டு கதை இருக்கக்கூடாது, எங்கேயும் ஒரே கதைதான் என்றார். பெர்னி அக்கா என்னைப் பார்த்தார். நான் அப்பாவின் ஃபைலைப் பார்த்தேன். 'கடுமையான நெருப்புக்காய்ச்சல் காரணமாக இரண்டு தவணைகள் பாடசாலைக்குச் செல்ல இயலவில்லை' என்று போயிற்று.

இப்போது யோசித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒரு நாடு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து துரத்திவிட்டு, துரத்தியதைச் சொல்லவும் விடாமல், வருத்தம் என்று சொல்ல வைத்தது. பிழை எங்கள் உடம்பில் என்று நாங்களே கையெழுத்துப் போட்டோம்.

4

தை மாதம் ஃபக்ஸ் வந்தது. எவ்வளவு கரிசனை! உங்கள் நோயைப் பற்றி அறிந்து வருந்துகிறோம். எங்கள் ஊரில் குளிர் அதிகம், விடுதி வாழ்க்கை கடினமானது. நீங்கள் முழுமையாகக் குணமடைந்துவிட்டீர்கள் என்று ஒரு வைத்தியரின் சான்றிதழ் மாசி முடிவதற்குள் கிடைத்தால் உங்கள் விண்ணப்பத்தைத் தொடர்ந்து பரிசீலிக்கலாம்.

அப்பாவும் நானும் அதை இரண்டு நாள் திரும்பத் திரும்ப வாசித்தோம். என்ன சிக்கல் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். பல்கலைக்கழகத்துக்கு நான் சுகமாக இருக்கவேண்டும். பொலிசுக்கு நான் வருத்தமாக இருக்கவேண்டும். சுகம் என்றால் கொழும்பில் எனக்கு வேலையில்லை, எனக்குத் துணையாக வந்த அப்பாவுக்கும் வேலையில்லை.

டிஸ்பென்சரி டொக்டரிடம் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "மாஸ்ரர், போன மாதம்தான் பிள்ளைக்கு வைத்தியம் நடக்குது எண்டு எழுதித் தந்தனான். இப்ப அதே சீலைக் குத்திக் குணமாயிட்டுது எண்டு எழுதச் சொல்லுறியள். ரெண்டும் ஒரே ஆளின்ரை மேசையில போய்க் குந்திச்செண்டா என்ரை டிஸ்பென்சரியை மூடவேண்டியதுதான்."

அப்பாவை எல்லாரும் மாஸ்ரர் என்றுதான் கூப்பிடுவார்கள், ஒருநாளும் படிப்பித்தவர் இல்லை. அவர் தலையை ஆட்டிக்கொண்டு எழும்பினார்.

பெர்னி அக்காதான் வழி சொன்னார். கொட்டாஞ்சேனையில் அவர்களுடைய குடும்ப டொக்டர் இருக்கிறார், எங்களைத் தெரியாது, எங்கள் பதிவும் தெரியாது. ஒரு சனிக்கிழமை மட்டக்குளி பஸ்ஸில் போனோம். அந்த டொக்டர் என்னைக் கட்டிலில் படுக்கவைத்து வயிற்றை அமத்திப் பார்த்தார், கண்ணை இழுத்துப் பார்த்தார், இரத்தம் எடுத்துச் சோதிக்க விட்டார். பின்னேரம் முடிவு வந்தது. பெர்னி அக்கா வீட்டில் இடியப்பமும் மீன் சொதியும் சாப்பிட்டுவிட்டுத் திரும்பிப்போய்க் கடிதத்தை வாங்கினோம். இவரைப் பரிசோதித்தேன், ஈரலில் எந்த நோயின் அடையாளமும் இல்லை, பூரண சுகத்துடன் இருக்கிறார், எந்தக் காலநிலையிலும் படிக்கத் தகுதியானவர்.

இரண்டு வருடத்துக்குப் பிறகு என்னைப் பற்றி ஒரு கடதாசியில் உண்மை எழுதப்பட்டிருந்தது. நான் அதைப் படியில் நின்று மூன்றுதரம் வாசித்தேன்.

"இதை என்னட்டைத் தந்திட்டுப் போங்கோ. திங்கக்கிழமை கந்தோருக்குப் போன உடன முதல் வேலையா அனுப்பிவிடுறன்" என்றார் பெர்னி அக்கா.

அப்பா தயங்கினார். "மூலப்பத்திரம்..." என்று இழுத்தார். ஆனால் அவர்கூட அன்றைக்குக் கொடுத்திருப்பார், கை பாதி நீண்டுவிட்டது. நான்தான் விடவில்லை. எனக்கு அதைக் கையை விட்டுக் கொடுக்க மனம் வரவில்லை. வெள்ளவத்தையில் ஃபோட்டோக்கொப்பி எடுத்துக்கொண்டு திங்கட்கிழமை நானே கந்தோருக்குக் கொண்டுவருகிறேன் என்று சொல்லி, வாங்கி, அப்பாவின் ஃபைலைத் திறந்து மேலே வைத்தேன். கடதாசி என்றால் ஃபைலுக்குள்தானே. இரண்டு வருடமாக வேறு இடத்தில் கடதாசி வைத்துப் பழக்கமில்லை.

5

திரும்பி வரும் வழியில் சாவடியில் பஸ்ஸை மறித்தார்கள். எல்லாரும் இறங்கி வரிசையில் நின்றோம். சிங்களச் சனங்களின் அட்டையைப் பார்த்து ஏறவிட்டார்கள். எங்களை ஒரு பக்கமாக நிற்கச் சொன்னார்கள். இதுவொன்றும் புதிதில்லை, கிழமைக்கு இரண்டுதரம் நடப்பது. அப்பா வழக்கம்போல ஃபைலை எடுத்துக் கொடுத்தார்.

சார்ஜன்ட் ஒருவர், நடுவயது. மேலே இருந்த கடிதத்தை எடுத்தார். ஆங்கிலம் வாசிக்கக்கூடியவர். மெதுவாக வாசித்தார். பிறகு ஃபைலைப் புரட்டி, பொலிஸ் பதிவைப் பார்த்தார். அதன் பின்னால் குத்தியிருந்த டிஸ்பென்சரிக் கடிதத்தை எடுத்தார். அதை இடக்கையிலும் கொட்டாஞ்சேனைக் கடிதத்தை வலக்கையிலும் பிடித்துக்கொண்டு எங்களைப் பார்த்தார்.

அப்பா வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. முப்பது வருடம் கச்சேரியில் எல்லாப் படிவத்துக்கும் பதில் வைத்திருந்த மனிதர்.

சார்ஜன்ட் அப்பாவை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்டார். "நங்கி, அசனீபத, சனீபத?" தங்கச்சி, வருத்தமா, சுகமா?

கத்தவில்லை. அடிக்கக் கை ஓங்கவில்லை. கடைக்காரர் பெரியதா சின்னதா என்று கேட்பதுபோலக் கேட்டார். கத்தியிருந்தால் எனக்கு இன்றைக்கு இவ்வளவு கொதி இருக்காது.

எனக்குத் தெரிந்துவிட்டது, இரண்டில் ஒன்றைத்தான் சொல்லலாம். சுகம் என்று சொன்னால் பொலிசில் கொடுத்த கடிதம் பொய், அதை எடுத்துக் கொடுத்த அப்பா பொய்க்காரர், அவரை ஜீப்பில் ஏற்றுவார்கள். அந்த நாட்களில் ஜீப்பில் ஏறினவர்கள் பின்னேரம் வந்தார்களா, வருடம் கழித்து வந்தார்களா, வரவே இல்லையா என்பதற்கு ஒரு கணக்கு இருக்கவில்லை. வருத்தம் என்று சொன்னால் வலக்கையில் இருக்கிற கடிதம் பொய்.

"அசனீபயி" என்றேன். வருத்தம்தான்.

"அப்ப இது?" என்று கொட்டாஞ்சேனைக் கடிதத்தை ஆட்டினார்.

எனக்கு அரைகுறைச் சிங்களம். அது பிழையாக எழுதிய கடிதம், அந்த டொக்டருக்கு என்னைப் பற்றித் தெரியாது என்று ஒருமாதிரிச் சொன்னேன். சார்ஜன்ட் தலையாட்டினார். அந்தக் கடிதத்தை நாலாக மடித்துத் தன் சட்டைப் பையில் போட்டார். ஃபைலை அப்பாவிடம் கொடுத்தார். பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள், வெயிலில் அலையவிடாதீர்கள் என்று சொன்னார். அதையும் உண்மையான அக்கறையோடுதான் சொன்னார்.

பஸ் போய்விட்டது. நாங்கள் வெள்ளவத்தைக்கு நடந்தோம். அப்பா, நீ செய்தது சரி என்றும் சொல்லவில்லை, பிழை என்றும் சொல்லவில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு அவர் சாகும்வரை அந்த நாளைப் பற்றி எங்கள் இருவருக்கும் இடையில் கதை இல்லை.

6

கொட்டாஞ்சேனை டொக்டர் இரண்டாவது கடிதம் தரவில்லை. பெர்னி அக்கா போய்க் கேட்டதற்கு, பொலிஸ் கைக்குப் போன விஷயத்தில் நான் தலைபோட ஏலாது, குறை நினையாதேயுங்கோ என்றாராம். நான் அவரையும் குறை சொல்லமாட்டேன். அவருக்கும் பிள்ளைகள் இருந்தன.

பெர்னி அக்கா, சான்றிதழ் தாமதமாகிறது, தயவுசெய்து பொறுத்துக்கொள்ளவும் என்று ஃபக்ஸ் அடித்தார். நான் காலி வீதியில் இருந்த ஒரு கொமியூனிகேசனுக்குப் போய், கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று, மாசி முடிவதற்குள் மூன்றுதரம் தொலைபேசி எடுத்தேன். மூன்றுதரமும் வேறு வேறு பெண்கள். மூன்று பேரும் அன்பானவர்கள். எழுதி வைத்த ஆங்கிலத்தை மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். நான் நன்றாக இருக்கிறேன், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, கடிதம் மட்டும்தான் இல்லை. கூட்டுக்கு வெளியே அடுத்ததாக நின்றவர்கள் எனக்குப் பைத்தியமோ என்று பார்த்தார்கள்.

"உங்கள் கோவையில் குறித்துக்கொள்கிறோம்" என்றார்கள்.

எனக்கு இன்றைக்கும் அந்தப் பெண்களைப் பிடித்து உலுக்கவேண்டும் போலிருக்கிறது. ஒரு பிள்ளை உலகத்தின் மறுபக்கத்தில் இருந்து, நான் சுகமாக இருக்கிறேன் என்று மூன்றுதரம் சொல்கிறாள். அப்படியானால் ஏன் கடிதம் இல்லை என்று ஒருத்திக்காவது கேட்கத் தோன்றவில்லையா? கொழும்பு என்று முகவரி இருக்கிறது. அங்கே என்ன நடக்கிறது என்று அவர்களுடைய பத்திரிகைகளிலும்தானே வந்தது.

சித்திரையில் கடிதம் வந்தது. மெல்லிய உறை. இம்முறை இடமளிக்க முடியாமைக்கு வருந்துகிறோம். கடைசி வரி, 'நீங்கள் விரைவில் பூரண சுகம் பெற வாழ்த்துகிறோம்.'

அதைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அப்பா அடுத்த மூன்று மாதப் பதிவுக்கு டிஸ்பென்சரிக்குப் புறப்பட்டார்.

அந்த வருத்தம் பிறகும் என்னை விடவில்லை. கலியாணம் முடித்துக் கனடாவுக்கு வர மருத்துவப் படிவம் நிரப்பும்போது, ஒரு இடத்தில் எழுதினது மற்ற இடத்திலும் இருக்கவேணும் என்றார் என் கணவர். அப்பாவைப் போலவே. ஆகவே அங்கேயும் நெருப்புக்காய்ச்சல். இங்கே குடும்ப வைத்தியரின் கணினியில் நெருப்புக்காய்ச்சல். ஆரணி சின்னப் பிள்ளையாக இருக்கும்போது அம்மா ஏன் யுனிவேர்சிற்றிக்குப் போகவில்லை என்று கேட்டதற்கும் அதையேதான் சொன்னேன். ஆறு வயதுப் பிள்ளைக்குச் சாவடியை எப்படி விளங்கப்படுத்துவது? பிறகு பிள்ளை வளர்ந்தது, ஆங்கிலத்தில் கனவு காணத் தொடங்கியது, என்னோடு இருந்து கதைக்க நேரமில்லாமல் போனது. பொய் அப்படியே நின்றுவிட்டது.

7

வழிகாட்டி ஆசிரியையின் அறையிலிருந்து வெளியே வந்து காரில் ஏறினோம். பனி கொட்டிக்கொண்டிருந்தது. நான் இயந்திரத்தைப் போட்டேன், காரை எடுக்கவில்லை.

"நீ அதை எழுதக்கூடாது" என்றேன். "எனக்கு ஒரு வருத்தமும் வரேல்லை."

இங்கே நான் எழுதிய எல்லாவற்றையும் அரை மணித்தியாலமாகச் சொன்னேன். தமிழில் தொடங்கி, அவளுக்கு விளங்காத இடங்களில் ஆங்கிலத்துக்குப் போய், கோபம் வந்த இடங்களில் திரும்பத் தமிழுக்கு வந்து. அவள் தொலைபேசியை எடுத்துப் பார்க்கவே இல்லை. முடிந்ததும் சொன்னாள்.

"அம்மா, இது டைஃபொய்டை விட எவ்வளவோ ஸ்ட்ரோங். நான் இதை எழுதட்டா? மிஸ் கட்டாயம் இதைத்தான் எழுதச் சொல்லுவா."

எனக்கு வந்த கோபத்தில் ஸ்டியரிங்கில் அடித்தேன். "அண்டைக்கு எனக்கு அதைச் சொல்ல வழியில்லை. சொல்லாததால என்னை எடுக்கேல்லை. இண்டைக்கு அதே கதையை வடிவா எழுதினா உன்னை எடுப்பினமோ? அவையள் இருந்து வாசிச்சு, கண்ணைத் துடைச்சு, புள்ளி போடுறதுக்கோ நான் அங்க நிண்டனான்? உன்ரை மார்க்ஸைப் போடு. வர விருப்பம் எண்டு எழுது. எடுக்கிறதெண்டா அதுக்கு எடுக்கட்டும்."

"ஓகே அம்மா. ஓகே. எழுதமாட்டன்."

உண்மையாகவே எழுதவில்லை. அடுத்த நாள் காட்டினாள், ஐந்து வரிக் கடிதம். புதிய தவணைப் புள்ளிகள், கணிதப் போட்டியில் வந்த இடம், இன்னும் அங்கேதான் படிக்க விருப்பம். ஆசிரியைக்கு அது போதாதாம். இதை எழுதும்போது பங்குனி இன்னும் வரவில்லை.

ஆனால் நான் இதை எழுதத் தொடங்கியது கடிதத்துக்காக இல்லை. அன்றைக்குக் காரில், வாயில் வெடித்ததெல்லாம் வெடித்து முடிந்து, நான் கண்ணாடித் துடைப்பானைப் போட்டுக் காரைப் பின்னுக்கு எடுக்கும்போது அவள் கேட்டாள்.

"நீங்க வெல் எண்டு சொல்லியிருந்தா அம்மப்பாவை என்ன செய்திருப்பாங்கள்?"

"தெரியாது."

"கொண்டிருப்பாங்களோ?"

"தெரியாது பிள்ளை. அப்பிடியும் நடந்திருக்கு."

அவள் வெளியே பார்த்துக்கொண்டு, நாளைக்கு என்ன சமையல் என்று சொல்வதுபோலச் சொன்னாள். "அப்ப நானும் சிக் எண்டுதான் சொல்லியிருப்பன்."

காரை நடுவழியில் நிறுத்திவிட்டேன். பின்னால் ஒருவர் ஹோர்ன் அடித்தார். இத்தனை வருடமாக அப்பாவின் வாயிலிருந்து வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்த வார்த்தை, வராமலே போன வார்த்தை, அதைத்தான் இவள் சொல்கிறாள். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். ஆறுதல் வரவில்லை. அந்தக் கேள்விக்கு என் பிள்ளை யோசிக்காமல் பதில் சொன்னாள், அதை என்னால் தாங்க முடியவில்லை.

அவளுடைய தாடையைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன்.

"இல்லை" என்றேன். "ஆர் கேட்டாலும், ஆருக்கு என்ன நடந்தாலும், எனக்கே நடந்தாலும், நீ சுகம் எண்டுதான் சொல்லோணும்."